‘நூற்றெழுபது வயதுக் கொடி’ ஷிராஸ் வாங்கி ஏமாந்தேன்: பின்பக்க லேபிளைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்

ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம்மவர்கள், குறிப்பாக யாருக்காவது பரிசளிக்க விலையுயர்ந்த ஒயின் தேடுகிறவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள். 534 டாலர் கொடுத்து நான் கற்றதை இங்கே எழுதுகிறேன். பணம் போனதைவிட, எண்பது வயது மனிதர் ஒருவரின் முன்னால் தலைகுனிந்து நின்றதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடிலெய்டில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அவர். பதினோரு வருடப் பழக்கம். எங்கள் மகள் பிறந்த இரவில் நான் வேலைக்காக சிட்னியில் இருந்தேன்; என் மனைவியைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, விடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர். அவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்கு எதையோ வாங்கிக் கொடுத்துக் கடமையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் பிறந்தது பரோசா பள்ளத்தாக்கில். அடிலெய்டிலிருந்து வடகிழக்கே காரில் ஒரு மணி நேரம். ஐரோப்பாவின் சிலேசியா பகுதியிலிருந்து சமய நம்பிக்கைக்காக ஊரைவிட்டு வந்த லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பங்கள் 1842 முதல் குடியேறிய பூமி அது. இவருடைய முன்னோர்களும் அப்படி வந்தவர்கள். தலைமுறை தலைமுறையாக ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் திராட்சையின் கொடி வைத்திருந்த குடும்பம். 1980களில் சிவப்பு ஒயினுக்கு மவுசு போய், திராட்சையைக் கேட்க ஆளில்லாமல் போனது. கொடிகளைப் பிடுங்கினால் பணம் தருகிறோம் என்று அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. இவருடைய அப்பா கையெழுத்துப் போட்டார். டிராக்டரில் சங்கிலி கட்டி ஒவ்வொரு கொடியாக இழுத்தது இவர்தான். குவித்துக் கொளுத்திய வேர்க்கட்டைகள் ஒரு வாரத்துக்கு மேல் புகைந்துகொண்டே இருந்தன என்று ஒரு முறை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை.

என் தாத்தா தேனி பக்கம் கம்பத்தில் பன்னீர் திராட்சை போட்டவர். பந்தலில் ஒரு கொடி பட்டுப்போனால் அன்று வீட்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டோம். அதனால் பெரியவர் சொல்லாமல் விட்டது எனக்குப் புரிந்தது. அவர் பிடுங்கியதைப் போன்ற ஒரு கொடியில், பிடுங்கப்படாமல் தப்பிய ஏதோ ஒரு தோட்டத்தில் விளைந்த ஒயினை வாங்கி அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இணையத்தில் தேடியபோது ஒரு விற்பனை நிறுவனத்தின் பக்கம் வந்தது. பெயர் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது கடைசியில் உங்களுக்கே புரியும். ‘1850களில் நடப்பட்ட கொடிகளின் ஷிராஸ், ஒவ்வொரு பாட்டிலும் கையால் எண்ணிடப்பட்டது, பரோசா மரபில்’ என்று இருந்தது. ‘பரோசா மரபில்’ என்றால் பரோசாவில் விளைந்தது என்று பொருளல்ல. அன்று எனக்கு அது உறைக்கவில்லை. தொலைபேசி எண்ணைப் பதிவு செய்த இருபதாவது நிமிடத்தில் அழைப்பு வந்தது. மிகவும் மரியாதையான குரல். ஏலத்தில் 180 டாலர் போகும் ஒயின், கிடங்கில் ஆறே ஆறு பாட்டில்தான் மீதம், பெரியவரின் பிறந்தநாள் என்பதால் எனக்கு மட்டும் பாட்டில் 89 டாலர். பெரியவரின் குடும்பக் கதையை நானே அந்த மனிதரிடம் சொல்லியிருந்தேன். அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு எனக்கே திருப்பி விற்றார். அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டேன்.

பெட்டி வந்தது. ஒவ்வொரு பாட்டிலும் கையில் எடுத்தால் தோள் இறங்கும் கனம். கழுத்தில் சிவப்பு மெழுகு வழிந்து உறைந்திருந்தது. முன் லேபிளில் முறுக்கேறிய ஒரு கொடியின் கோட்டோவியம், அதன் கீழே மை பேனாவால் எழுதியதுபோல் 417 / 1200 என்று ஓர் எண், அதாவது 1200 பாட்டில்களில் 417-ஆவது. எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஒன்றை மட்டும் எடுத்துக் காகிதம் சுற்றினேன். மற்ற ஐந்தையும் பெட்டியிலேயே விட்டேன்.

பிறந்தநாள் அன்று மாலை பெரியவர் காகிதத்தைக் கிழிக்காமல் பிரித்தார். முன்பக்கத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பாட்டிலைத் திருப்பி, பின்பக்கத்தை விளக்கின் அருகே பிடித்துப் படித்தார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். என் தோளில் கை வைத்து நன்றி சொன்னார். பாட்டிலை மேசையில் வைக்கும்போது பின் லேபிள் சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தார்.

ஊற்றினார், எல்லோரும் குடித்தோம். பழக்கூழ் போலத் தித்திப்பு, அடியில் ஓக் பலகையின் வாசனை, விழுங்கியதும் ஒன்றுமே இல்லை. நல்ல ஷிராஸ் நாக்கில் தங்கும் நேரத்தை அவர் வீட்டில்தான் நான் கற்றிருந்தேன். அவர் கிளாஸை முழுவதும் குடித்தார். இன்னொரு முறை ஊற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் நான் போய் வற்புறுத்திக் கேட்டபிறகுதான் சொன்னார். பின் லேபிளில் ‘தென்கிழக்கு ஆஸ்திரேலியா’ என்று இருந்தது. அது ஓர் ஊரோ பள்ளத்தாக்கோ அல்ல. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா முழுவதும், குயின்ஸ்லாந்திலும் தென் ஆஸ்திரேலியாவிலும் சில பகுதிகளும் சேர்ந்த மாபெரும் வட்டாரம். பல மாநிலத்துத் திராட்சையைக் கலந்து பெரிய தொட்டிகளில் ஒயின் செய்கிறவர்களுக்கு வசதியான பெயர் அது. 1850களில் நட்ட ஒரே தோட்டத்தின் கொடியில் பழம் பறித்தவன், தன் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு அந்தப் பெயரை எதற்கு அச்சடிக்கப் போகிறான்? தங்கத்தை வைத்துக்கொண்டு பித்தளை என்று யாராவது பலகை மாட்டுவார்களா?

இந்த இடத்தில் சட்டம் எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்திரேலிய ஒயின் லேபிளில் வட்டாரம், திராட்சை ரகம், அறுவடை ஆண்டு என்று எதைக் குறிப்பிட்டாலும், பாட்டிலில் உள்ளதில் குறைந்தது 85 சதவீதம் அதற்குரியதாக இருக்க வேண்டும். அதற்குக் கணக்குப் புத்தகம் உண்டு, தணிக்கை உண்டு. ஆனால் ‘பழைய கொடி’ என்ற சொல்லுக்கு அப்படி எந்த அளவுகோலும் இல்லை. இருபது வருடக் கொடியையும் பழைய கொடி என்று அச்சடிக்கலாம். பிரான்சில் ‘வியேய் வீஞ்’ (பழைய கொடிகள்) என்று எழுதுவதற்கும் சட்டத்தில் வயது வரம்பு கிடையாது. பரோசாக்காரர்கள் 2009-இல் தாங்களாகவே ஒரு சாசனம் எழுதிக்கொண்டார்கள்: 35 வயதைக் கடந்தது ‘ஓல்ட் வைன்’, 70 கடந்தது ‘சர்வைவர்’, நூறு கடந்தது ‘சென்டினேரியன்’, 125 கடந்தது ‘ஆன்செஸ்டர்’. மனசாட்சியுள்ள தயாரிப்பாளர்கள் அதை மதித்து நடக்கிறார்கள். ஆனால் அது விருப்பத்தின் பேரில் ஏற்பதுதான். தென் ஆப்பிரிக்கா இதில் ஒரு படி மேலே போயிருக்கிறது: 35 வயதைக் கடந்த தோட்டத்தின் ஒயினுக்கு, கொடி நட்ட ஆண்டைக் குறிப்பிடும் சான்று முத்திரையைப் பாட்டிலிலேயே ஒட்டுகிறார்கள்.

விஷயம் தெரிந்ததும் நான் வீட்டுக்கு வந்து பெட்டியில் இருந்த ஐந்தையும் வெளியே எடுத்து வரிசையாக வைத்தேன். 417 / 1200. 417 / 1200. ஐந்திலும் அதே எண். பெரியவர் வீட்டிலிருந்த காலிப் பாட்டிலை வாங்கி வந்து பக்கத்தில் வைத்தேன். அதிலும் 417. விரலை ஈரமாக்கித் தேய்த்துப் பார்த்தேன். மை கலையவில்லை, ஏனென்றால் அது மையே அல்ல, லேபிளோடு சேர்ந்து அச்சானது. ‘7’-இன் குறுக்குக்கோடு ஆறு பாட்டிலிலும் ஒரே இடத்தில் லேசாக வளைந்திருந்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்துப் பதில்: சுவை ஆளுக்கு ஆள் வேறுபடும். நான் சுவையைப் பற்றிக் கேட்கவே இல்லை. கொடிகள் எந்த ஊரில், எந்த ஆண்டில் நட்டவை என்று இரண்டே கேள்விகளோடு மீண்டும் எழுதினேன். ‘பழைய கொடி என்பது இந்த ஒயினின் பாணியைக் குறிக்கும் பெயர்’ என்று பதில் வந்தது. ஒரு கொடி எத்தனை வறட்சியைத் தாங்கி நின்றது என்பதைப் ‘பாணி’ என்று சொல்ல எப்படி மனம் வந்தது? மூன்றாவது கடிதத்துக்கு, அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ள 30 டாலர் கூப்பன் அனுப்பினார்கள். அதற்குள் அவர்களுடைய பக்கத்தில் ‘1850களில்’ என்ற சொல் மறைந்து, ‘தொன்மையான’ என்று மாறியிருந்தது. நல்லவேளையாக, பணம் கட்டிய அன்று அவர்கள் எனக்கு அனுப்பிய உறுதி மின்னஞ்சலில் பழைய வாசகம் அப்படியே இருந்தது.

மாநில நுகர்வோர் அலுவலகத்தில் புகார் பதிவு செய்தேன். பிறகு வங்கியிடம் போனேன். கொடியின் வயதைப் பற்றி வாதாடியிருந்தால் நான் தோற்றிருப்பேன். அதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ‘ஒவ்வொரு பாட்டிலும் கையால் எண்ணிடப்பட்டது’ என்ற அவர்களுடைய வாக்கியத்தையும், ஒரே எண்ணோடு நிற்கும் ஆறு பாட்டில்களின் புகைப்படத்தையும் சேர்த்து அனுப்பினேன். ஏழு வாரம் கழித்து முழுப் பணமும் அட்டையில் திரும்ப ஏறியது. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் இதைக் கவனியுங்கள்: விளம்பரத்தில் பொய்யென்று கண்ணால் காட்டக்கூடிய ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வந்த மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள். அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் தாமதிக்காமல் போங்கள், அதற்குக் கால வரம்பு உண்டு.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவரே என்னைப் பரோசாவில் உள்ள டனுண்டா ஊருக்கு அழைத்துப் போனார். உண்மையான கொடி எப்படி இருக்கும் என்று நான் பார்க்க வேண்டுமாம். அங்கே லாங்மைல் தோட்டத்தில் 1843-இல் நட்ட ஷிராஸ் இன்னும் காய்க்கிறது. டர்க்கி ஃபிளாட்டில் 1847-இல் நட்டவை. ஈடன் பள்ளத்தாக்கில் ஹென்ஷ்கி குடும்பத்தின் ஹில் ஆஃப் கிரேஸ் தோட்டத்தில் 1860களின் கொடிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அங்கே இன்றிருப்பவற்றில் பெரும்பாலானவை அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுப்போட்ட கொடிகள். விக்டோரியாவிலும் 1877-இல் அந்தப் பூச்சி வந்துவிட்டது. தென் ஆஸ்திரேலியா எல்லையை இறுக்கிக் காத்ததால், இங்குள்ள கிழட்டுக் கொடிகள் இன்றும் சொந்த வேரில் நிற்கின்றன.

அந்தக் காவல் இன்றும் தொடர்கிறது. செருப்பில் ஒட்டிய மண்ணில்கூடப் பூச்சி வரலாம் என்பதால் பல தோட்டங்களில் உள்ளே வராதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். நாங்களும் ஒரு தோட்டத்தின் வேலிக்கு வெளியேதான் நின்றோம். இலையுதிர்ந்த குளிர்காலம். பந்தல் இல்லாமல் தனித்தனியே நிற்கும் கறுத்த கட்டைகள். ஒன்றின் அடிமரம் நடுவே பிளந்து, அந்தப் பொந்து வழியாக மறுபக்கத்துச் செம்மண் தெரிந்தது. அதன் உச்சியில் கவாத்து செய்த இரண்டே குச்சிகள். அந்த வயதில் கொத்துகள் சிறிதாக, குறைவாகத்தான் வருமாம். இயந்திரம் நுழைய முடியாது, கையால்தான் பறிக்க வேண்டும். விலை ஏறுவது அதனால்தான். கொடிக்கு வயதாகிவிட்டால் ஒயின் தானாக நன்றாக வந்துவிடாது என்றும் சொன்னார். மோசமான விவசாயி எந்தக் கொடியையும் கெடுப்பான் என்பது அவருடைய அப்பாவின் பேச்சாம். அவர் தன் அப்பாவைப் பற்றி என்னிடம் இவ்வளவு பேசியது அன்றுதான்.

எனவே வாங்கும் முன் விற்பவரிடம் கேளுங்கள்: எந்தத் தோட்டம், எந்த ஊர், எந்த ஆண்டு நட்டது. உண்மையில் அப்படிப்பட்ட கொடி வைத்திருப்பவர் இதைக் கேட்டால் மகிழ்ந்து அரைமணி நேரம் பேசுவார். கனமான பாட்டிலையும் மெழுகையும் பார்த்து மயங்காதீர்கள், அவற்றை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். தொலைபேசியில் ‘இன்னும் ஆறுதான் இருக்கிறது’ என்றால் அழைப்பைத் துண்டியுங்கள். வட்டாரத்தின் பெயரை மட்டும் கட்டாயம் பாருங்கள். ‘தென்கிழக்கு ஆஸ்திரேலியா’ என்று இருந்தால் அது இருபது டாலருக்குள் அன்றாடம் குடிக்கிற ஒயினாக இருக்கலாம், அதில் தவறில்லை. அதற்கு 89 டாலர் கொடுக்காதீர்கள்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம், அந்தப் பெயரைத் தேடினால் இனி உங்களுக்கு எதுவும் கிடைக்காது. போன வாரம் எனக்கு ஒரு விளம்பர மின்னஞ்சல் வந்தது. வேறு பெயர், வேறு லேபிள், மெழுகு இப்போது கறுப்பு, கொடிகள் ‘1860களில்’ நட்டவை. கையால் எண்ணிடப்பட்டது என்ற வாக்கியம் மட்டும் மாறவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 417 / 1200. ‘7’-இன் குறுக்குக்கோடு அதே இடத்தில் வளைந்திருக்கிறது.