கறிக்கோழித் தீவனத்தில் ஆன்டிபயாடிக்குக்கு மாற்று: ஓமமா, பூண்டா, மஞ்சளா?

தீவனத்தில் மிகக் குறைந்த அளவு ஆன்டிபயாடிக் கலந்தால் கோழி விரைவாக எடை கூடும் என்பது 1940-களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களை அந்தப் பழக்கம் பெருக்கிவிடும் என்ற கவலையால், வளர்ச்சி ஊக்கியாக ஆன்டிபயாடிக் கலப்பதைச் சுவீடன் 1986-இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி முதலும் தடை செய்தன. அந்த இடத்துக்குப் போட்டியிடும் மூலிகைகளை ஒப்பிடும்போது, ஆய்வகத் தட்டில் எது அதிகக் கிருமிகளைக் கொல்கிறது என்பதைவிட, தீவன ஆலையின் சூட்டையும் கோழியின் செரிமானத்தையும் தாண்டி எது குடலின் பின்பகுதிவரை போய்ச் சேர்கிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

அந்த அளவுகோலில், கொழுப்பு உறையிட்டுக் கொடுத்தால், முதலில் நிற்பவை மூலிகை எண்ணெய்களில் உள்ள தைமால், கார்வக்ரால் ஆகிய இரண்டு பொருட்களும். தைமால் ஓமத்தின் எண்ணெயில் மிகுதி. கார்வக்ரால் ஆரிகனோ எண்ணெயில் மிகுதி. (ஆரிகனோவைக் கற்பூரவள்ளி என்று சொல்வது வழக்கமாகிவிட்டது, இரண்டும் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும் வெவ்வேறு செடிகள்.) இவை பாக்டீரியாவின் மேற்சவ்வைச் சிதைத்து, உள்ளிருப்பதைக் கசியவிடுகின்றன. ஆனால் எளிதில் ஆவியாகும் இந்த எண்ணெய்கள், குச்சித் தீவனம் தயாரிக்கும்போது எழும் 80 டிகிரி செல்சியஸ் அளவிலான சூட்டில் ஓரளவு இழக்கப்படும். எஞ்சியதில் பெரும்பகுதி சிறுகுடலின் தொடக்கத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும். கொழுப்பு உறையிட்டு நுண்மணிகளாக்கிய எண்ணெய் இந்த இரு இழப்புகளையும் குறைக்கிறது. அதனால் விலை கூடினாலும், உறையிட்ட எண்ணெயைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். உறையில்லாத எண்ணெயைக் குச்சித் தீவனத்தில் கலப்பது வீண்செலவு.

பூண்டின் பெருமைக்கு அல்லிசின் காரணம் என்பார்கள். முழுப் பூண்டில் அல்லிசின் இல்லை. நசுக்கும்போது அல்லீன் என்ற பொருள் ஒரு நொதியின் செயலால் அல்லிசினாக மாறுகிறது. அந்த நொதி சூட்டில் செயலிழந்துவிடும், அல்லிசினும் நீடித்து நிற்காது. ஆகவே ஒரே பெயரில் விற்கும் இரண்டு பூண்டுப் பொடிகள் ஒரே வேலையைச் செய்யும் என்று நம்ப இடமில்லை. அளவு மிகுந்தால் இறைச்சியில் வாசம் ஏறும் சிக்கலும் உண்டு.

மஞ்சள் வேறு வகையானது. அதிலுள்ள குர்குமின் குடலிலிருந்து இரத்தத்துக்குள் மிகக் குறைவாகவே சேரும். மனித மருந்தாகப் பார்த்தால் குறையாகத் தோன்றும் இது இங்கே பெரிய குறையன்று, ஏனெனில் வேலை நடக்க வேண்டிய இடம் குடல்தான். அழற்சியைத் தணிப்பதே அதன் வலு. நேரடியாகக் கிருமியைக் கொல்வதில் தைமாலுக்கு அது ஈடாகாது. இரண்டையும் போட்டியாளர்களாக நிறுத்துவதைவிடச் சேர்த்துக் கொடுப்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

செஸ்ட்நட் மரத்தின் டானின், கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற குடல் கிருமியை ஒடுக்கக்கூடியது; ஆனால் துவர்ப்புள்ள இந்தப் பொருள் அளவு மீறினால் தீவனப் புரதத்தையே பிடித்துக்கொண்டு வளர்ச்சியைக் கெடுக்கும். யூக்கா செடியின் சப்போனின் என்ற பொருள், கொட்டகைத் தரையில் பரப்பும் கூளத்தில் எழும் அம்மோனியா நெடியைக் குறைக்கவே பெரிதும் பயன்படுகிறது. வேம்பின் கசப்பு தீவன உட்கொள்ளலைக் குறைத்துவிடும். முருங்கையிலைப் பொடியைப் புரதம் நிறைந்த தீவனப் பொருளாகக் கொள்ளலாமே தவிர ஆன்டிபயாடிக்கின் இடத்தில் வைக்க முடியாது. மிளகாய் ஒரு வேடிக்கையான விதிவிலக்கு: அதன் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை என்பதால், கலந்தாலும் கோழி மறுக்காமல் தின்னும்.

இவை அனைத்துக்கும் பொதுவான பலவீனம் சீரின்மை. ஒரே செடியின் எண்ணெயில்கூட, ரகமும் அறுவடைக் காலமும் மாறும்போது வீரியப்பொருளின் அளவு மாறிவிடும். எனவே பொடியின் எடையைப் பார்த்து வாங்காமல், வீரியப்பொருளின் விழுக்காட்டைக் குறிப்பிடும் தயாரிப்பையே வாங்க வேண்டும். இரத்தக் கழிச்சலோ குடல் அழுகலோ கண்டுவிட்ட கூட்டத்துக்கு இவை எவையும் சிகிச்சையாகாது. அங்கே கால்நடை மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும். மேலும், சுத்தமான கொட்டகையில் ஆன்டிபயாடிக்கின் வளர்ச்சிப் பலனே சிறுத்துவிடும் என்பதால், எந்த மூலிகையைச் சோதித்தாலும் எதுவும் கலக்காத தீவனம் தின்னும் ஒரு கூட்டத்தை அதே கொட்டகையில், அதே குஞ்சுத் தொகுதியிலிருந்து பிரித்து வளர்த்து, 35-ஆம் நாள் எடையையும் தின்ற தீவனத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.