ஆசிய ரக்பி பார்க்க உப்பளத்தில் ஒரு மாடிக் கடை

நான் கடலூர்க்காரன். ரக்பி மேட்ச் பார்க்க ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்குப் பஸ் ஏறுகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை, இப்போது மகளும் கூடவே கிளம்பிவிடுகிறாள்.

உப்பளம் விளையாட்டரங்கிலிருந்து நடந்து போகிற தூரம்தான். கீழே சைக்கிள் பழுது பார்க்கிற கடை, மேலே டிவியில் மேட்ச் போடுகிற இந்தச் சாப்பாட்டுக் கடை. பெயர்ப்பலகை மங்கிப்போய்விட்டது, மாடிக் கடை என்று கேட்டால் தெருவில் யாரும் கையைக் காட்டுவார்கள். கிரிக்கெட் போடுகிற கடை புதுச்சேரியில் எத்தனையோ இருக்கிறது. இங்கே ஆசிய நாடுகளின் ரக்பி சாம்பியன்ஷிப்பைப் போடுகிறார்கள். 2025-இல் மேல் பிரிவில் ஆடியவை நான்கு அணிகள்: ஹாங்காங், தென் கொரியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை. கொரியாவுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அங்கே சாயங்காலம் என்றால் இங்கே சாப்பாட்டு நேரம், கடையில் கூட்டம் நெரியும். அதனால் ரெக்கார்டிங்கை எடுத்து வைத்து ஞாயிறு மாலையில் போடுகிறார்கள். முதல் தடவை போனபோது இது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. இப்போது அப்படி நினைக்கவில்லை. ரெக்கார்டிங் என்பதால்தான் நடுவில் நிறுத்த முடிகிறது, நிறுத்துவதால்தான் பெரியவர் விளக்கிச் சொல்ல முடிகிறது, அந்த விளக்கத்துக்காகத்தான் நான் இருபது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் வருகிறேன்.

பெரியவர் கடைக்காரரின் அண்ணன். சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் படைவீரர் குடும்பம், அவரும் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்தான், ரக்பி அங்கே பழகியதாம். ஸ்க்ரம் என்றால் என்ன, ஏன் எல்லாரும் குனிந்து முட்டிக்கொள்கிறார்கள் என்று நான் கேட்டேன். படத்தை நிறுத்திவிட்டு உள்ளே போய், கழுவி வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்களை ஒரு தட்டோடு கொண்டுவந்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட மேஜையில் கவிழ்த்தார். ஒரு டம்ளர் ஒரு ஆட்டக்காரர்: முன்னால் மூன்று, நடுவில் நான்கு, கடைசியில் ஒன்று. எதிரே அதே மாதிரி இன்னொரு எட்டு. "தலை இடுக்குல போய் உட்காரணும் தம்பி, நேருக்கு நேர் மோதக் கூடாது" என்று சொல்லி இரண்டு பக்கத்தையும் மெதுவாக நெருக்கினார். முன்வரிசை டம்ளர்கள் ஒன்றின் இடைவெளியில் ஒன்று போய்ப் பொருந்தின. பிறகு நடு வரிசையை மட்டும் உள்ளங்கையால் தள்ளினார், முன்னால் இருந்தவை தாமாக நகர்ந்தன. "தள்ளுறது இவங்க, தாங்குறது அவங்க" என்றார். அவ்வளவுதான், பத்து வருஷமாக அரைகுறையாகப் பார்த்து வந்த எனக்கு அன்றைக்குத்தான் அந்த ஆட்டத்தில் எடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. பந்தைக் கையால் முன்பக்கம் எறியக் கூடாது, பின்னால்தான் கொடுக்க வேண்டும் என்பதையும் இப்படித்தான், உப்பு டப்பாவை மேஜையில் நகர்த்திக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார்.

2025 ஜூலையில் ஹாங்காங் கொரியாவை அதன் சொந்த மண்ணில், இஞ்சியோனில் 70–22 என்று அடித்த மேட்சை மறுநாள் மாலை போட்டார்கள். முடிவு என்ன என்று கடையில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, அது இங்கே எழுதாத சட்டம். ஹாங்காங் அந்த வெற்றியோடு முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது, 2027-இல் ஆஸ்திரேலியாவில் நடக்கப்போவது. எதிரணிப் பக்கத்துக் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் 5 புள்ளி, அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 2. ஒவ்வொரு தடவையும் பெரியவர் சுவரில் சாக்பீசால் கூட்டி எழுதுவார். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தக் கணக்கு ரொம்ப உதவி.

ஜப்பான் ஏன் இல்லை என்று பக்கத்து மேஜையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1969-இல் டோக்கியோவில் இந்தப் போட்டி தொடங்கியபோது வென்றது ஜப்பான், அப்புறம் 2008-இல் ஐந்து நாடுகள் போட்டியாக மாற்றிய பிறகு 2017 வரை ஒரு வருஷம்கூட விடாமல் வென்றதும் ஜப்பான்தான். 2018-இலிருந்து அவர்கள் இதில் ஆடவில்லை. 2023 உலகக் கோப்பையில் தங்கள் பிரிவில் மூன்றாவதாக வந்ததால் 2027-க்கு நேராகவே இடம் கிடைத்துவிட்டது. அவர்கள் ஒதுங்கியதால்தான் மற்றவர்களுக்கு ஆட்டம் சூடு பிடிக்கிறது என்பது என் கருத்து, பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஜப்பானோடு மோதித் தோற்றால்தான் மற்ற அணிகள் வளரும் என்கிறார்.

இலங்கை ஆடுகிற ஞாயிறு சீக்கிரம் போய்விடுங்கள், உட்கார இடம் கிடைக்காது. கண்டியில் படித்த ஒருவர் தவறாமல் வருவார். அவர் ஊர் டிரினிட்டி பள்ளிக்கும் கொழும்பு ராயல் பள்ளிக்கும் 1945-இலிருந்து நடக்கிற பிராட்பி கேடய மேட்சைப் பற்றி ஆரம்பித்தால் இடைவேளை முடிந்ததுகூடத் தெரியாது. பள்ளிக்கூடத்து மேட்சுக்கு ஊரே திரளும் என்று அவர் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருக்கும்.

"இந்தியா எங்கப்பா?" என்று மகள் கேட்டாள். ஆசிய ரக்பியில் பிரிவு பிரிவாக ஆடுகிறார்கள், நம் அணி இன்னும் மேல் பிரிவுக்கு வரவில்லை என்றேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்துப் பெரியவர் கல்கத்தா கோப்பையின் கதையைச் சொன்னார். கல்கத்தாவில் இருந்த ரக்பி சங்கத்தைக் கலைத்தபோது வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பை செய்தார்கள், மூடிமேல் யானை, பிடிகள் நாகப்பாம்பு வடிவம், இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879-இலிருந்து அதற்காகத்தான் மோதுகின்றன. "நம்ம ரூபாய்ல செஞ்சதும்மா அது" என்றார். அவள் அன்றிலிருந்து அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறாள். பெண்கள் மேட்சும் போடுங்கள் தாத்தா என்று கேட்டாள், அடுத்த தடவையே ஜப்பான் பெண்கள் ஆடியதைப் போட்டார்.

சாப்பாடு சுமார்தான், ஒன்று தவிர. பாகெத் என்கிற நீளமான பிரெஞ்சு ரொட்டியைக் கீறி உள்ளே வெங்காயம் பச்சை மிளகாய் போட்ட ஆம்லெட்டை மடித்து வைத்துத் தருகிறார்கள், 60 ரூபாய், மேல் பக்கம் மொறுமொறுவென்று, உள்ளே முட்டையின் சூடு இறங்கி இளகியிருக்கும். அதை மட்டும் சாப்பிடுங்கள். கொத்து பரோட்டாவில் எண்ணெய் அதிகம். டீ நன்றாக இருக்கும், ஆனால் இடைவேளையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பதால் இரண்டாவது பாதியில் பாதி ஓடிய பிறகுதான் வரும். இடைவேளைக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், அவர்கள் சரிசெய்ய வேண்டும் என்றுதான். படிக்கட்டு குறுகல், கைப்பிடி ஒரு பக்கம்தான், முட்டிவலிக்காரர்களுக்குக் கஷ்டம். மேற்கு ஜன்னலுக்குத் திரை இல்லை, ஆறு மணி வரை வெயில் நேராக டிவியில் விழுகிறது, பந்து எங்கே என்றே தெரியாது. மின்விசிறி இரண்டுதான், நாற்பது பேர் உட்காருகிற இடத்துக்கு அது போதாது. ஜூன் மாதப் புழுக்கத்தில் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு பழைய வேட்டியை ஜன்னலில் கட்டினால்கூடப் போதும், நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஐந்து மணிக்குள் போனால் சுவரோரப் பெஞ்சு கிடைக்கும், சாக்பீஸ் கணக்குக்குப் பக்கத்தில். புரியாததைக் கேட்கத் தயங்காதீர்கள், அவர் நிறுத்துவார், மற்றவர்களும் முகம் சுளிக்க மாட்டார்கள்.