கடல்நீரா, கழிவுநீரா, கசியும் குழாயா?

கடலோர ஊருக்குத் தண்ணீர் போதவில்லை என்றால் கையில் இருக்கும் வழிகள் பெரும்பாலும் நான்குதான். கடல்நீரைக் குடிநீராக்கலாம், ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தலாம், தூரத்து ஆற்றிலிருந்து குழாய் போடலாம், இருக்கிற குழாய்களின் கசிவை அடைக்கலாம். கடைசியில் சொன்னதற்கு யாரும் திறப்பு விழா நடத்துவதில்லை. அதனாலோ என்னவோ, பேச்சு எப்போதும் முதலாவதில்தான் தொடங்குகிறது.

சரி, அங்கிருந்தே வருவோம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதை ஆர்.ஓ. சவ்வு, அதாவது தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கும் மெல்லிய படலம், வழியே தள்ள 55 முதல் 70 பார் அழுத்தம் வேண்டும். கடலுக்குள் 600 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அது. சவ்வைத் தாண்டாமல் வெளியேறும் உப்புநீரிலும் அந்த அழுத்தம் பெரும்பகுதி மிச்சமிருக்கும். இன்றைய ஆலைகளில் ஒரு கருவி அதைப் பிடித்து, உள்ளே வரும் கடல்நீருக்குக் கைமாற்றிவிடுகிறது. அதனால்தான் 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரத்தில் வேலை முடிகிறது. கடல்நீரில் பாதியை நன்னீராக எடுப்பதென்றால், எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் 1 யூனிட்டுக்குக் கீழே இறங்க முடியாது, இயற்பியல் விடாது.

இது அதிகமா? நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 500 லிட்டர் என்று வையுங்கள். 2 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு ஃபிரிட்ஜ் இழுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குலம் நீர் பாய்ச்சவே ஒரு லட்சம் லிட்டர், அதாவது சுமார் 350 யூனிட் வேண்டும். வீட்டுக்குக் கட்டுப்படியாகும் தண்ணீர் வயலுக்கு ஆகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நடக்கும் விவாதங்கள்தான் எத்தனை!

கழிவுநீர் இங்கே பலமான போட்டியாளர். அதில் உப்பு லிட்டருக்குச் சுமார் 1 கிராம்தான் என்பதால் மின்சாரம் பாதிக்கும் குறைவாகவே ஆகும். நமீபியாவின் விண்ட்ஹோக் நகரம் 1968 முதல் இப்படித்தான் குடிக்கிறது. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி 2008 முதல் இந்த நீரை நிலத்தடிக்கு அனுப்புகிறது. 2023 விரிவாக்கத்துக்குப் பிறகு அந்த ஆலையின் திறன் நாளொன்றுக்குச் சுமார் 49 கோடி லிட்டர். அதில் ஒரு பகுதியைக் கரையோரக் கிணறுகளில் செலுத்துவதால், நிலத்தடியில் கடல் உள்ளே ஏறுவதையும் தடுக்கிறார்கள். கடலோர ஊருக்கு ஒரே செலவில் இரண்டு வேலை. முகச்சுளிப்பு ஒரு தடைதான், ஆனால் அதைவிடப் பெரிய தடை சாக்கடைக் குழாயே இல்லாத ஊர்கள். கழிவுநீர் ஓரிடத்தில் சேர்ந்தால்தானே சுத்திகரிக்க?

குழாய் வழி நீருக்குத் தூரத்தோடு உயரத்தையும் பார்க்க வேண்டும். 1,000 லிட்டரை 100 மீட்டர் உயர்த்த, பம்பின் இழப்பையும் சேர்த்து, 0.4 யூனிட் ஆகும். நடுவில் மலை இல்லையென்றால் ஆற்றுநீரே மலிவு. ஆனால் மழை பொய்த்தால் அந்த ஆறும் வறளும். கடல்நீர் ஆலை மழையைப் பார்ப்பதில்லை. மற்ற எதனிடமும் இல்லாத பலம் அது.

அந்தப் பலத்தையும் தப்பாக வாங்க முடியும். ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு மழை 1970களிலிருந்தே குறைந்துவிட்டது. 2006-இல் தொடங்கிய அதன் ஆலை அன்றாடத் தேவைக்கே ஓடுகிறது. மெல்போர்னுக்கான ஆலை பெருவறட்சியின் பீதியில் பிறந்தது. கட்டி முடிந்த 2012-க்குள் மழை திரும்பிவிட்டது. தேவைக்கென்று கேட்டு அங்கிருந்து நகருக்குத் தண்ணீர் முதன்முதலில் போனது 2017-இல்தான். அதுவரையிலும் ஒப்பந்தப்படி பணம் போய்க்கொண்டே இருந்தது. தேவை நிரந்தரமானால் ஆலை கட்டுங்கள். வறட்சி வந்து போவதானால் முதலில் மற்ற வழிகளைப் பாருங்கள் என்பதே என் கட்சி. கசிவை அடைப்பதும் அதில் சேர்த்தி. 30 சதவீதம் ஒழுகும் குழாயில் ஆலை நீரை விட்டால், 1,000 லிட்டருக்கு 3.5 யூனிட் செலவான தண்ணீர் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது 5 யூனிட் தண்ணீராகியிருக்கும்.

கடலின் பக்கமும் கணக்கு உண்டு. ஒரு லிட்டர் நன்னீருக்கு ஒரு லிட்டரோ அதற்கு மேலோ, ஏறக்குறைய இரட்டிப்பு உப்போடு கடலுக்குத் திரும்பும். அலையடிக்கும் திறந்த கடலில் சரியாகப் பரப்பி விட்டால் சீக்கிரம் கலந்துவிடும். அசையாத விரிகுடாவில் அடியில் தங்கும். பாசிப் பெருக்கு வந்தால் ஆலையே நின்றுபோகும். 2008-09-இல் வளைகுடாவில் அப்படித்தான் பல ஆலைகள் மூடிக்கிடந்தன.

சில நூறு வீடுகள் மட்டுமே உள்ள கரையோரக் கிராமத்துக்குக் கணக்கே வேறு. லிட்டருக்கு 2 முதல் 5 கிராம் உப்புள்ள கிணற்றுநீர் இருந்தால், அதற்கு 10 முதல் 20 பார் அழுத்தமே போதும். கடல்வரை போகவே வேண்டாம். அளவுக்கு மீறி இறைத்தால் கிணற்றுக்குள் கடல் வந்துவிடும், அது தனிக் கவலை. அப்புறம், சவ்வுக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி சேறும் பாசியும் அடைத்து நிற்கும் நாளில், அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஒருவர் ஊருக்குள்ளேயே இருக்கிறாரா, மாற்று வடிகட்டி கையிருப்பில் இருக்கிறதா என்பதையும் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.