சிபேனலின் ‘ஈமெயில் டெலிவரபிலிட்டி’: ரிப்பேர் பட்டன் எதுவரை கைகொடுக்கும்?

திருப்பூரிலிருந்து பையருக்குப் போன புரொஃபார்மா இன்வாய்ஸ் ஸ்பேமில் விழுந்தால், ஆர்டர் கன்ஃபர்ம் ஆவதும் தள்ளிப்போகும். பனியன் கம்பெனி, கோவை பம்ப்செட் பட்டறை, ஈரோட்டு மஞ்சள் மண்டி என்று பலரும் சொந்த டொமைனை சிபேனல் (வெப்சைட், மெயில் இரண்டையும் நிர்வகிக்கும் பேனல்) ஹோஸ்டிங்கில்தான் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் முதலில் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டிய பக்கம், மெயிலுக்கான பதிவுகளைச் சோதிக்கும் ‘ஈமெயில் டெலிவரபிலிட்டி’ கருவி. கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரியில் விதிகளை இறுக்கிய பிறகு, குறைவாக மெயில் அனுப்புகிறவர்களுக்கும் எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் மெயில் அனுப்ப அனுமதித்த சர்வர்களின் பட்டியல்), டிகிம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்) இரண்டில் ஒன்றாவது கட்டாயம். ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 மெயில் அளவுக்கு அனுப்பினால் டிமார்க்கும் (சோதனையில் தவறும் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) சேர்த்து மூன்றும் வேண்டும்.

நேம்சர்வர் (டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளை, அதாவது முகவரிப் பதிவுகளை, வைத்திருக்கும் சர்வர்) ஹோஸ்டிங்காரரிடமே இருந்தால் இதைவிட எளிய வழி கிடையாது. ஈமெயில் பகுதியில் கருவியைத் திறந்து, டொமைனுக்கு எதிரே ‘ரிப்பேர்’ அழுத்தினால் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகள் தானே ஏறிவிடும். இந்த இடத்தில் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

டிஎன்எஸ் வேறு இடத்தில், அதாவது டொமைன் வாங்கிய கம்பெனியிலோ கிளவுட்ஃபிளேரிலோ இருந்தால் ரிப்பேர் வேலை செய்யாது. ‘மேனேஜ்’ பக்கத்தில் கருவி காட்டும் பதிவுகளைக் காப்பி செய்து அங்கே ஒட்ட வேண்டும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. பெயர்க் கட்டத்தில் டொமைன் பெயரையும் சேர்த்துப் போட்டால், பல பேனல்கள் அதன் பின்னால் இன்னொரு முறை டொமைனை ஒட்டிவிடும். பதிவு இருந்தும் யாருக்கும் கிடைக்காது. 2048 பிட் டிகிம் சாவி நீளமானது. ஒரு டிஎக்ஸ்டி (எழுத்து வடிவப் பதிவு) சரத்துக்கு 255 எழுத்துதான் வரம்பு என்பதால், சில பேனல்களில் அதை இரண்டாக உடைத்து, தனித்தனி மேற்கோள் குறிக்குள் போட வேண்டியிருக்கும். நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போனாலும் கையொப்பம் செல்லாது.

எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான். கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு ஒன்று, ஹோஸ்டிங்குக்கு ஒன்று என்று இரண்டு போட்டால் இரண்டும் கெட்டுவிடும். பழைய வரியிலேயே புதிய ‘இன்க்ளூட்’ (இன்னொருவரின் சர்வர் பட்டியலையும் இணைக்கும் பகுதி) சேர்த்துவிடுங்கள். அந்தப் பதிவைச் சரிபார்க்க ஆகும் டிஎன்எஸ் தேடல்கள் மொத்தம் 10-ஐத் தாண்டக்கூடாது.

கருவியின் பெரிய குறை, உங்கள் மெயில் எந்தெந்த வழியாகப் போகிறது என்பது அதற்குத் தெரியாது. ஆபீஸ் மெயில் கூகுள் வழியாகவும், வெப்சைட் என்கொயரி ஃபார்ம் ஹோஸ்டிங் வழியாகவும் போகலாம். சிபேனல் போடும் டிகிம் சாவி தன் சர்வரிலிருந்து கிளம்பும் மெயிலுக்கு மட்டும்தான். கூகுளுக்கு அதன் அட்மின் பக்கத்தில் தனிச் சாவி உருவாக்க வேண்டும். கருவியில் எல்லாம் பச்சையாக இருக்கும், கூகுள் வழியாகப் போகும் கொட்டேஷன் உங்கள் டொமைன் கையொப்பமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். எம்எக்ஸ் (வரும் மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்ற பதிவு) கூகுளில் இருந்தால் ‘ஈமெயில் ரூட்டிங்’கை ‘ரிமோட்’ ஆக்குங்கள். ‘லோக்கல்’ என்றே விட்டால் என்கொயரி மெயில்கள் ஹோஸ்டிங் சர்வருக்குள்ளேயே தங்கிவிடும்.

டிமார்க்கைப் பழைய பதிப்புகளில் ஸோன் எடிட்டர் வழியாகச் சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் ‘பி=நன்’ (எதையும் தடுக்காதே), கூடவே அறிக்கை வர ‘ஆர்யூஏ’ முகவரி. அந்த அறிக்கைகளைப் பார்த்து, விட்டுப்போன வழிகளையெல்லாம் சரிசெய்த பிறகே ‘குவாரன்டைன்’ (ஸ்பேமுக்கு அனுப்பு), அப்புறம் ‘ரிஜெக்ட்’ (ஏற்காதே). ‘நன்’ கண்காணிக்க மட்டும்தான். உங்கள் டொமைன் பெயரிலேயே பையருக்கு “பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது” என்று யாரோ அனுப்பினால் அது தடுக்காது. ஏற்றுமதிக்காரர்கள் ‘ரிஜெக்ட்’ வரை போயே தீர வேண்டும். ஓரெழுத்து மாற்றிய போலி டொமைனை இது தடுக்காது. அதற்குப் பையருக்குப் போன் போட்டு உறுதி செய்யும் பழக்கம்தான் காவல்.

பிடிஆர் (ஐபி முகவரி எந்தச் சர்வர் பெயருக்குரியது என்று காட்டும் பதிவு) எச்சரிக்கை வந்தால் ஷேர்டு ஹோஸ்டிங்கில் நீங்களே சரிசெய்ய முடியாது, ஹோஸ்டிங்காரருக்கு டிக்கெட் போடுங்கள். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு வழியிலிருந்தும் ஒரு ஜிமெயிலுக்கு மெயில் அனுப்பி, ‘ஷோ ஒரிஜினல்’ திறந்து பாருங்கள். மூன்றுக்கும் ‘பாஸ்’ வர வேண்டும்; டிகிம் வரியில் ஹோஸ்டிங் கம்பெனியின் டொமைன் இல்லாமல் உங்கள் டொமைன் இருக்க வேண்டும்.