கிரப் படுத்துக்கொண்டால்: பூட்-ரிப்பேரா, கைவேலையா?

லினக்ஸ் போட்டு முடித்து, பென்டிரைவை உருவிவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தால், கருப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரு வரியும் பக்கத்தில் சிமிட்டும் ஒரு கோடும். அல்லது லினக்ஸ் போட்ட சுவடே இல்லாமல் விண்டோஸ் நேராகத் திறந்துகொள்ளும். கணினி எழும்போது எந்த இயங்குதளத்தைத் திறப்பது என்று பார்த்துக்கொள்ளும் சிறு நிரல்தான் கிரப். அது படுத்துக்கொண்டால் இங்கிருந்து இரண்டு வழி. பூட்-ரிப்பேர் என்ற மென்பொருளிடம் விட்டுவிடலாம். இல்லையென்றால் லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) ஏறி, சிஎச்ரூட் (அங்கிருந்தே வட்டில் உள்ள லினக்ஸுக்குள் நுழையும் கட்டளை) வழியாக நாமே கிரப்பைத் திரும்ப எழுதலாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போடுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. என் ஓட்டு கைவேலைக்குத்தான்.

முதலில், கோளாறு கிரப்பில்தானா என்று பாருங்கள். மதுரையில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று யூபிஎஸ் இல்லாத டிடிபி கடையில், பாதிப் பத்திரிகை வேலையில் கணினி பொத்தென்று அணையும். அடுத்த முறை திறந்தால் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று நின்று, எஃப்எஸ்சிகே (வட்டில் கோப்புகளின் அமைப்பைச் சோதித்துச் சரிசெய்யும் கட்டளை) ஓட்டச் சொல்லும். அது கோப்பு முறைமையில் வந்த சிக்கல். அங்கேயே எஃப்எஸ்சிகே, ஒரு இடைவெளி, மைனஸ் ஒய், பிறகு திரையில் காட்டும் பார்ட்டிஷன் (வட்டின் பகுதி) பெயர் என்று அடித்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். இதற்குப் போய் பூட்-ரிப்பேரைக் கிளப்புவது வீண்.

பூட்-ரிப்பேரின் வசதி தெரிந்ததுதான்: ஒரு பொத்தான், கட்டளை எதுவும் மனப்பாடம் வேண்டாம். மின்ட் என்ற லினக்ஸ் வகையின் லைவ் மெனுவிலேயே இருக்கிறது. உபுண்டுவில் பிபிஏ (கூடுதல் மென்பொருள் களஞ்சியம்) சேர்த்து நெட்டிலிருந்து இறக்க வேண்டும். வட்டில் எந்தப் பார்ட்டிஷனில் எது இருக்கிறது என்று அது தரும் அறிக்கை அருமை. அதற்காக மட்டும் நானும் அதைத் திறப்பேன்.

கைவேலைக்கு லைவ் யூஎஸ்பியை, நிறுவிய அதே முறையில் பூட் செய்ய வேண்டும். கணினி பூட் ஆகும் முறை இரண்டு: புதியது யூஈஎஃப்ஐ, பழையது லெகசி. நிறுவியது யூஈஎஃப்ஐ, லைவ் ஏறியது லெகசி என்றால் எத்தனை முறை செய்தாலும் பலிக்காது. சிஸ், ஃபர்ம்வேர் கோப்புறைகளுக்குள் ஈஎஃப்ஐ என்ற கோப்புறை இருந்தால் யூஈஎஃப்ஐயில் இருக்கிறீர்கள். எல்எஸ்பிஎல்கே (பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் கட்டளை) அடித்து லினக்ஸ் பார்ட்டிஷன் எது, ஃபேட்32-இல் இருக்கும் சிறிய ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலாவதை எம்என்டி கோப்புறையில் மவுன்ட் செய்து (அதாவது இணைத்து), இரண்டாவதை அதற்குள் பூட் கோப்புறையில் இருக்கும் ஈஎஃப்ஐ கோப்புறையில் மவுன்ட் செய்யுங்கள். பிறகு டெவ், ப்ராக், சிஸ், ரன் என்ற சிஸ்டம் கோப்புறைகள் நான்கையும் ஆர்பைண்ட் (உள்ளே இணைந்திருப்பவற்றையும் சேர்த்து இணைக்கும் தேர்வு) போட்டு அதே எம்என்டிக்குள் இணையுங்கள். வெறும் பைண்ட் போட்டால் ஈஎஃப்ஐ மாறிகள் (எதை பூட் செய்வது என்று கணினி வைத்திருக்கும் குறிப்புகள்) உள்ளே வராது. கிரப்பை எழுதும் கட்டளையான கிரப்-இன்ஸ்டால் அதைச் சொல்லி முரண்டு பிடிக்கும். சிஎச்ரூட்டில் நுழைந்து கிரப்-இன்ஸ்டால், மெனுவைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப் இரண்டையும் ஓட்டினால் வேலை முடிந்தது. பழைய லெகசி கணினியில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் வேலை கிடையாது. கிரப்-இன்ஸ்டாலுக்கு எஸ்டிஏ என்று முழு வட்டின் பெயரைக் கொடுக்க வேண்டும். எஸ்டிஏ1 என்று ஒரு பார்ட்டிஷன் பெயரைக் கொடுப்பதுதான் வழக்கமான பிசகு.

மெனுவில் விண்டோஸ் காணவில்லையா? கிரப் 2.06 முதல், வட்டில் உள்ள மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் தானாக ஓடாது. ஈடிசி, டிஃபால்ட் கோப்புறையில் உள்ள கிரப் கோப்பில் அதைத் தடுக்கும் அமைப்புக்கு 'ஃபால்ஸ்' கொடுத்து, மறுபடி அப்டேட்-கிரப்.

இதற்கே பத்து நிமிடம் ஆகும். பொத்தான் இருக்கும்போது எதற்கு இந்த மல்லுக்கட்டு என்று கேட்டால், பின்னால் வரும் பராமரிப்புதான் காரணம். பூட்-ரிப்பேரில் விண்டோஸின் பூட் கோப்புக்குப் பெயர் மாற்றி, அந்த இடத்தில் கிரப்பை உட்கார வைக்கும் ஒரு தேர்வு உண்டு. அன்றைக்கு எல்லாம் ஓடும். பிறகு ஒரு விண்டோஸ் அப்டேட் தன் கோப்பைத் திரும்ப அங்கே எழுதும். லினக்ஸ் காணாமல் போகும். யார் எதை மாற்றினார்கள் என்று மறந்துபோன நேரமாகப் பார்த்து இது நடக்கும். கிரப்பை முழுதாக நீக்கிவிட்டு நெட்டிலிருந்து புதிதாக இறக்கச் சொல்லும் தேர்வு இன்னும் வம்பு. பேரையூர் பக்கம் ஒரு புள்ளி சிக்னலில், போன் டெதரிங்கில் அதைச் செய்து பாதியில் அறுந்தால், இருந்த கிரப்பும் போய்விடும். கைவேலைக்கு நெட் வேண்டாம். வட்டில் ஏற்கெனவே இருக்கும் தொகுப்பைத்தான் எடுத்து எழுதுகிறது. விண்டோஸ் கோப்பை அது தொடுவதும் இல்லை. அடுத்த கெர்னல் அப்டேட்டிலும் அதே பாதை அப்படியே நீடிக்கும்.

சில ஏசர் மடிக்கணினிகளில் இத்தனையும் செய்த பிறகும் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வரும். பயாஸில் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் வைத்து, உபுண்டு கோப்புறையில் உள்ள ஷிம் கோப்பை (கிரப்பை எழுப்பிவிடும் சிறு நிரல்) நம்பகமானதாகச் சேர்த்தால்தான் வழிவிடும். செக்யூர் பூட்டை (நம்பகமான நிரலை மட்டும் பூட் ஆக விடும் காவல்) அணைப்பதாக இருந்தால், விண்டோஸ் பக்கம் வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பார்த்து 48 இலக்கச் சாவியை முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் உபுண்டு, மின்ட், டெபியன் கணக்கு. என் கை பழகியதும் இவற்றில்தான். யூஈஎஃப்ஐ ஃபெடோராவில் கிரப்-இன்ஸ்டால் வேண்டாம். அங்கே சிஎச்ரூட்டுக்குள் டிஎன்எஃப் (ஃபெடோராவின் மென்பொருள் நிறுவும் கருவி) மூலம் ஷிம், கிரப்2 தொகுப்புகளை மறுபடி நிறுவுவதுதான் முறை. அதற்கு மட்டும் நெட் வேண்டும்.