வால்வ் ஆம்ப்ளிஃபையரில் 'பேஸ் கூட்டித் தருகிறேன்' என்றால் நம்பிவிடாதீர்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய வால்வ் (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். நான் ஏமாந்துவிட்டேன்.

அப்பா தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில், சீட்டு எடுத்த காசில் வாங்கியது. ஈஎல்34 வால்வ் நான்கு, பக்கத்துக்கு இரண்டு. தவிலின் தொப்பியில் கோல் விழுந்தால் நாங்கள் இருந்த தோட்ட லயத்து வீட்டின் பலகைச் சுவர் அதிரும். லயத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்தபின் அந்த அடிச்சத்தத்தின் கனம், அதாவது பேஸ், இல்லை.

டவுன் கடைக்காரர் ஒருவர் வந்து கேட்டுவிட்டு, "அண்ணே, டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டும் வீக்காயிருச்சு, புதுசு போட்டா பேஸ் இடிக்கும்" என்றார். 850 வெள்ளி. ரசீது கேட்காதது என் தவறு. மூன்று வாரம் கழித்துப் பெட்டியை வாங்கித் தூக்கியபோதே எடை குறைந்திருப்பது தெரிந்தது. பழையவை எங்கே என்றால், "தூக்கிப் போட்டாச்சு" என்றார். வீட்டில் போட்டால் நாதஸ்வரம் கேட்கிறது, தவில் பிஸ்கட் டின்னைத் தட்டுவதுபோல இருக்கிறது.

ஈப்போவில் ரேடியோ பழுதுபார்க்கும் நண்பரை அழைத்து வந்தேன். அவர் ஆம்ப்ளிஃபையரைத் தொடவே இல்லை. 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் ஒயர்களில் ஒரு கணம் தொட்டுக் காட்டினார். ஒரு கூம்பு முன்னே வந்தது, மற்றது உள்ளே போனது. வீடு மாறியபோது ஒரு பக்கம் பிளஸ், மைனஸை நாங்களே மாற்றிச் சொருகியிருக்கிறோம்! அப்படி இருந்தால் இரண்டு ஸ்பீக்கரின் பேஸும் ஒன்றையொன்று அழித்துவிடும். என் வீட்டில் முதலில் இருந்த கோளாறு அவ்வளவுதான்.

அதைத் திருப்பி, ஸ்பீக்கர்களைச் சுவரோரம் தள்ளியதும் பேஸ் கொஞ்சம் வந்தது. முழுதாக வரவில்லை, ஏனென்றால் புது டிரான்ஸ்ஃபார்மர்கள் பழையவற்றில் பாதிகூட இல்லை. வால்விலிருந்து ஸ்பீக்கருக்குச் சத்தத்தைக் கடத்துவது இந்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான்; அடிச்சத்தம் கடந்துவர அதில் இரும்பும் கம்பிச் சுற்றும் நிறைய வேண்டும். அது சிறுத்தால் முதலில் போவது பேஸ்தான். பழைய நல்ல டிரான்ஸ்ஃபார்மருக்கு விலை உண்டு, யாரும் தூக்கிப் போடமாட்டார்கள்.

ஒயர் மாற்றும் முன் ஆம்ப்ளிஃபையர் சுவிட்சை அடைத்துவிடுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினால் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடக்கூடும். அடிப்பலகையைத் திறக்கவே வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கும் கப்பாசிட்டரில் நானூறு வோல்ட் வரை தங்கியிருக்கும். கடைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால், உள்ளே இருப்பதை அவர் முன்னாலேயே படம் எடுத்து, கழற்றும் பாகம் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. ரசீது இல்லாததால் வாட்ஸ்அப் பேச்சையும் பணம் அனுப்பிய பதிவையும் வைத்தேன்.

எனக்குக் காசைவிட அந்த இரும்புதான் வேண்டும். கறுப்பு மூடி போட்ட இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள், மேலே அப்பா வெள்ளைப் பெயிண்டில் 'இடது', 'வலது' என்று எழுதியிருப்பார். எங்காவது விற்பனைக்கு வந்தால் எனக்குச் சொல்லுங்கள்.