ஊட்டி + கொடைக்கானல் 4 நாள் பறவை பாக்கேஜ், காசுக்கு ஒர்த்தா?

டிசம்பர்ல போயிட்டு வந்தோம். ஊட்டில ரெண்டு நாள், கொடைக்கானல்ல ரெண்டு நாள், ஜீப்பு, ரூம், கைடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 16,000. புக் பண்ணும்போதே வீட்ல கேட்டாங்க, ரெண்டும் குளிர்மலை தானே, ரெண்டுலயும் அதே குருவி தானே இருக்கும், எதுக்கு ரெண்டு எடத்துக்கு தண்டம்னு. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

முதல் நாள் ஊட்டில காலைல ஆறு மணிக்கு சோலைக்காட்டு ஓரமா நிக்க வெச்சுட்டாங்க. கைடு தம்பி போன்ல குருவி சத்தம் போட்டு கூப்பிட மாட்டேன்னுட்டாரு, அது பிடிச்சுது, ஆனா முக்கா மணி நேரம் வெரலெல்லாம் மரத்துப்போச்சு. அப்புறம் தரையில தத்தி தத்தி ஒரு நீல ராபின், வயிறு செங்கல் கலர்ல. மூணாம் நாள் கொடைக்கானல்ல அதே சைஸ், அதே தத்தல், வயிறு மட்டும் வெள்ளை! நான் வேற வயசுக் குருவி போலன்னு நெனச்சேன், இல்ல சார் இது வேற இனமேன்னாரு. ரெண்டும் இமயமலைப் பக்கத்து குருவிங்களோட சொந்தம்னு ரொம்ப நாள் நெனச்சிருந்தாங்களாம், டிஎன்ஏ பாத்தா இல்லை, 2017ல நம்ம சோலைங்கற வார்த்தையை வெச்சே சோலிகோலான்னு தனி பேரினம் வெச்சுட்டாங்க. சிரிப்பான் குருவியும் அப்படித்தான், ஊட்டில தாடை கருப்பு, கொடைக்கானல்ல அந்தக் கருப்பு இல்ல, நெஞ்சு சாம்பலா இருக்கு.

காரணம் புரிஞ்சது நடுவுல, ரெண்டாம் நாள் ட்ராவல்ல, உண்மையைச் சொன்னா அதுதான் மோசமான நாளும்கூட. ஜீப்பு ரெண்டு மணி நேரம் லேட்டு, ஏசி வேலை செய்யல. மேட்டுப்பாளையத்துலயே ஸ்வெட்டர கழட்டிட்டேன், கோயம்புத்தூர் பொள்ளாச்சி தாண்டறதுக்குள்ள சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு, நான் திட்டிட்டே வர்றேன், தம்பி சிரிச்சுக்கிட்டே "நீங்களே கழட்டிட்டீங்க சார், அந்தக் குருவி எதைக் கழட்டும்?"னாரு. நாங்க தாண்டினது பாலக்காட்டுக் கணவாய் வாசல். முப்பது கிலோமீட்டருக்கு மேல அகலம், தரை சில எடத்துல கடல் மட்டத்துலேந்து 150 மீட்டர் உயரம்கூட இல்ல, ஊட்டியோ 2,200க்கு மேல. குளிர்லயே பொழைக்கற குருவி இந்த வெயில்ல எறங்காது, அதனால லட்சக்கணக்கான வருஷமா ரெண்டு மலையும் தனித்தனி தீவு மாதிரி. பனியுகம் வந்து வந்து போனப்போ மலைக்காடும் கூடிக் கொறைஞ்சு, பிரிவு பலமாயிருக்கு.

ஆனா எல்லாக் குருவியும் பிரியல. 2015ல வந்த ஆராய்ச்சில 23 இனம் பாத்ததுல 10 தான் இந்தக் கணவாயால பிரிஞ்சிருக்கு. கருப்பும் ஆரஞ்சுமா ஒரு ஈப்பிடிப்பான், ரெண்டு மலையிலயும் பாக்க அச்சு அசல் ஒண்ணுதான். ஏன்னு கேட்டதுக்கு தம்பி நேர்மையா தலையைச் சொறிஞ்சாரு.

கொறைன்னா அவங்க குடுக்கற பைனாகுலர், உள்ள பூஞ்சை பிடிச்சிருக்கு, மூடுபனியா கண்ணாடியான்னே தெரியல, சொந்தமா இருந்தா எடுத்துட்டு போங்க. ஊட்டி ரூம்ல சுடுதண்ணி ஏழு மணிக்குத்தான், நாம அதுக்குள்ள காட்டுக்குப் போயிடுவோம். சாப்பாடு பரவால்ல. அஞ்சுக்கு நாலு, ஜீப்புக்கு ஒண்ணு கட்.

செங்கோட்டை கணவாய்க்கு அந்தப் பக்கம் அகத்தியமலைல இருக்கற ராபினையும் அதே 2017ல தனி இனம்னு சொல்லிட்டாங்க. அதையும் சேர்க்க முடியுமான்னு கேட்டேன், தனி பர்மிட்டு, தனி ரேட்டுன்னாங்க.